இடது லீவர், வலது லீவர்

சீத்தா கேம்ப்,
4 மார்ச் 2024

கலைச்செல்வியின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கம்தான், அதற்கு மேல் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான். குடித்துவிட்டு நீங்கள் போனில் போடும் சத்தத்தை இனி என் காது தாங்காது. ஆனால் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்க உங்களை விட்டால் ஆளில்லை. நம் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால், கடிதமானால் நமக்குள் இருக்கும்.

நீங்கள் ரத்னகிரிப் பக்கம் ரோடு வேலைக்குப் போன பிறகு நான் வடாலாவில் கணேசபாண்டியன் அண்ணாச்சியின் ஜேசிபி யார்டில் சேர்ந்துவிட்டேன். ஆமாம், நீங்கள் இருந்த அதே யார்டுதான். ஜேசிபி முன்னால் நின்று கொடி காட்டுகிறேன். கொடி காட்டுகிறவளுக்கு வண்டியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை என்ன? பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. வாய்விட்டுக் கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பழகிக்கொள் என்றார். மழைக்கு முன்னால் சாக்கடை தூர்வார ஆள் போதவில்லை. மே மாதம் சோதனை வைப்பாராம், தேறினால் ஆபரேட்டர் வேலை எனக்கு.

முன் பக்கெட்டை இயக்கக் கை வந்துவிட்டது. அடுத்து, சீட்டைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பின்னால் இருக்கும் தோண்டும் கையைப் பிடிக்க வேண்டும். நீங்கள் ஓட்டிய அதே பழைய வண்டி. எந்த லீவர் எதைச் செய்யும்? இடது எது, வலது எது? கேலி செய்யாமல் எழுதுங்கள்.

விஜயராணி

*

ரத்னகிரி,
11 மார்ச் 2024

அன்புள்ள ராணிக்கு,

கேலி செய்யாமல் எழுதச் சொல்கிறாய், சரி. ஸ்கூட்டி ஓட்டச் சொன்னால் பயந்து நடுங்கியவள் நீ என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. இடது கை என்ன செய்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லையே! இங்குள்ள வண்டியில் ஏறி, சும்மா ஓட்டி, என் கையை நானே வேடிக்கை பார்த்துவிட்டு எழுதுகிறேன். இதுவும் நம் யார்டு வண்டி போலத்தான்.

இடது லீவரை உன் பக்கம் இழுத்தால் பெரிய கை மேலே எழும். தள்ளினால் இறங்கும். வலது லீவரை உன் பக்கம் இழுத்தால் சின்னக் கை, அதாவது பெரிய கையின் நுனியில் மடங்குவது, உன்னைப் பார்த்து வரும். தள்ளினால் விலகும். இடதை இட வலமாக ஆட்டினால் மொத்தமும் சுழலும். வலதை ஆட்டினால் பக்கெட் மூடித் திறக்கும். அவ்வளவுதான்.

வரிகள் கோணாமல் நேராகப் போகின்றன, கவனித்தாயா? குடித்த கை இப்படி எழுதாது.

அய்யாத்துரை

*

சீத்தா கேம்ப்,
25 மார்ச் 2024

கலைச்செல்வியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேதமாக எடுத்துக்கொண்டது என் புத்தி. அரிசி டின்னில் இரண்டு தோசைக் கரண்டிகளைக் குத்தி நிறுத்தி, இடது இழு, பெரிய கை எழும், வலது இழு, சின்னக் கை மடங்கும் என்று வாரம் முழுக்கப் பழகினேன். "மம்மி பாகல் ஹோ கயீ" என்று உங்கள் மகள் சிரித்தாள், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். கண்ணை மூடிக்கொண்டும் வரும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

வண்டியில் ஏறினேன். பக்கெட் தரையில் ஊன்றியிருந்தது. பெரிய கையைத் தூக்கத்தானே என்று இடது லீவரை நம்பிக்கையோடு இழுத்தேன். எழவில்லை. சின்னக் கை மண்ணைப் பிறாண்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. பதறிப்போய் இன்னும் இழுத்தேன். யார்டு சுவரோரம், பின்னால் வரிசை வீடுகள் இருக்கும் சாலுக்குப் போகிற தண்ணீர்ப் பைப் அறுந்து, ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

"ஏம்மா, பைப்பைப் பிடுங்கதுக்கா ஒனக்கு வண்டியக் குடுத்தேன்?" என்று அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கத்தினார். சாலில் தண்ணீர் நின்றுபோய், அங்கே குடியிருக்கும் மீனாட்சியம்மாள் குடத்தோடு வந்து பேசிய பேச்சை எழுத முடியாது. பைப்பை ஒட்டவைத்துவிட்டார்கள். என்னைத்தான் சீட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். நான் தோற்க வேண்டும் என்றுதான் மாற்றி எழுதினீர்களா? ஆமாம் என்றால் பதில் போட வேண்டாம். இத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

விஜயராணி

*

ரத்னகிரி,
30 மார்ச் 2024

ராணிக்கு,

இல்லை. பதில் போட்டுவிட்டேன், பார்.

நான் கத்தியிருக்கிறேன், வீட்டை விட்டு வந்திருக்கிறேன். ஆனால் வண்டி விஷயத்தில் ஒருவருக்கும் பொய் சொன்னதில்லை. அது ஆளைக் கொல்லும். உன்னை அதில் ஏற்றிவிட்டுப் பொய் சொல்வேன் என்று நீ நினைத்தது எனக்குத் தாங்கவில்லை. அதே சமயம் நீயும் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் என்னதான் நடந்தது? சாப்பிடும்போதுகூட அதே யோசனையாக இருக்கிறது.

ஒன்று செய். கேபினில் வலது பக்கம் ஒரு இசக்கியம்மன் படம் இருக்கும். ஆயுத பூஜைக்கு நான் ஒட்டியது. அதைக் கிடைத்த இடத்தில் ஒட்டினேன், அடியில் கம்பெனிக்காரன் வைத்த லீவர் படம் இருக்கிறது. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெல்ல உரித்துப் பார். நான் எழுதியது அதில் இருக்கும். இல்லையென்றால் என் எழுத்தை இனி நீ நம்பவே வேண்டாம்.

அய்யாத்துரை

*

சீத்தா கேம்ப்,
12 ஏப்ரல் 2024

கலைச்செல்வியின் அப்பாவுக்கு,

உரித்தேன். அம்மனின் ஒரு காது கிழிந்துவிட்டது, பாவம் உங்களுக்குத்தான். அடியில் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது, ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் வண்டியைக் கிளப்பித் தொட்டுப் பார்த்தால் படத்துக்கு நேர்மாறாக ஆடுகிறது.

மெக்கானிக் ஜம்புவைப் பிடித்துக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "அத நாந்தான் மாத்துனேன் அக்கா. துரை அண்ணன் போனதுக்குப் பொறவு சிராஜ் பாய் வந்தாரு. அவருக்குப் பெரிய மெஷின்ல ஓட்டிப் பழக்கம். இந்த வாட்டத்துக்குக் கை வரலைன்னாரு. ரெண்டு லீவருக்கும் உள்ள ஆயில் ஹோஸை எடம் மாத்திப் போட்டேன், எடது வேல வலதுக்குப் போயிருச்சு. ஒங்கள்ட்ட யாரும் சொல்லலையா?" என்றான்.

யாரும் சொல்லவில்லை. சிராஜ் பாய்க்கும் நான் உங்களிடம் பாடம் கேட்பது தெரியாதே. படத்தின் மேல் அம்மன் உட்கார்ந்திருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்கள் எழுதியது சரி, வண்டிதான் மாறியிருக்கிறது. உங்களைச் சந்தேகப்பட்டேனே என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி மறுபடி ஏற விட்டார். கரண்டிப் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்றத்தான் பெரும்பாடாகப் போயிற்று. இப்போது லீவர் குழப்பம் இல்லை. ஆனால் வண்டி உதறுகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் குலுங்குகிறது. சிராஜ் பாய் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி போகிறது. கேட்டால் "ஹாத் ஹல்கா ரக்கோ" என்கிறார். கையை லேசாக வைத்துத்தான் இழுக்கிறேன், அப்படியும் ஏன் குலுங்குகிறது?

விஜயராணி

*

ரத்னகிரி,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள ராணிக்கு,

ஹோஸை மாற்றிவிட்டானா அந்தப் பயல்! படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மனசு அப்படி லேசாகிவிட்டது.

குலுக்கல் விஷயத்துக்கு வருகிறேன். நானும் இங்கே வேண்டுமென்றே குலுங்க வைத்துப் பார்த்தேன். நீ இழுக்கும்போது குலுங்குவதில்லை, விடும்போதுதான் குலுங்குகிறது. வேலை முடிந்ததென்று லீவரைப் பட்டென்று விட்டுவிடுகிறாய். அத்தனை பெரிய இரும்பு சட்டென்று நின்றால் வண்டி மொத்தமும் ஆடத்தானே செய்யும்? விடும்போது மெல்ல விட வேண்டும். ஒன்று நிற்கும் முன் அடுத்தது தொடங்கிவிட வேண்டும். பக்கெட்டில் தண்ணீரை மொண்டு, சிந்தாமல் சுழற்றிக் கீழே வைத்துப் பழகு. லீவரைப் பார்க்காதே, பக்கெட்டின் பல்லைப் பார்.

ஜூனில் மழை பிடித்தால் இங்கே வேலை நின்றுவிடும். நான் வரலாமா? குடியைத் தொடுவதில்லை. கேட்கத்தான் செய்கிறேன், வருகிறேன் என்று சொல்லவில்லை.

அய்யாத்துரை

*

சீத்தா கேம்ப்,
21 மே 2024

அன்புள்ள கலைச்செல்வி அப்பாவுக்கு,

சோதனை முடிந்தது. அண்ணாச்சி எங்கே தோண்டச் சொன்னார் தெரியுமா? ஒட்டவைத்த அதே பைப்பின் ஓரமாக, அதைத் தொடாமல் ஒரு வாய்க்கால்! செய்தி எப்படியோ பரவி, சால் பெண்கள் எல்லாரும் வீட்டிலிருந்த குடம், வாளி, டிரம் அத்தனையிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் காவலுக்கு வந்து நின்றார்கள். "ராணி, இன்னைக்கும் கொழாய்ல கை வச்சே, பாத்துக்கோ!" என்று மீனாட்சியம்மாள் சத்தம் போட்டாள்.

பக்கெட்டின் பல்லைப் பார்த்தேன். மெல்ல இழுத்து, மெல்ல விட்டேன். வண்டி உதறவே இல்லை. வாய்க்கால் முடிந்தபோது மீனாட்சியம்மாளே போய்க் குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. அண்ணாச்சி சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

விடும்போது மெல்ல விட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை நாளும் அது உங்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, வண்டியில் மட்டும். ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பட்டென்று போனீர்களே, அந்தக் குலுக்கல் நிற்க எனக்கும் மகளுக்கும் எத்தனை நாளாயிற்று என்று உங்களுக்குத் தெரியாது.

வாருங்கள். ஆனால் விட்டுப்போன வீடு அப்படியே இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். ஜம்பு சொல்லாமல் மாற்றினான், நான் சொல்லிவிடுகிறேன். இப்போது காலையில் வேலைக்குக் கிளம்புகிறவள் நான். சோறு வடித்து மகளைக் கல்லூரிக்கு அனுப்புவது வீட்டில் இருப்பவர் வேலை. குடித்துவிட்டு வந்தால் கதவு திறக்காது. தெரிந்த வீடுதானே என்று பழைய கைப்பழக்கத்தில் இழுத்தீர்களானால் உடைவது பைப்பாக இருக்காது.

நம்பரை இன்னும் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை. எந்த ரயில் என்று எழுதிப் போடுங்கள். பன்வேலில் இறங்கி ஹார்பர் லைன் லோக்கல் ரயில் பிடித்தால், மான்குர்டு ஸ்டேஷனுக்குக் கலைச்செல்வி வருவாள். எனக்கு அன்றைக்கு டியூட்டி இருக்கும்.

இப்படிக்கு,
விஜயராணி,
ஆபரேட்டர்