கண்மூடாமல் இறக்கிய விமானம்

அன்பு மகளே,

உன் அறையில் நீ விட்டுச்சென்ற, விமானம் ஓட்டிப் பழகும் கணினி சிமுலேட்டரில், அந்தப் பழைய மூன்று எஞ்சின் ஜெட் விமானத்தை இன்று முழுதாகத் தரையிறக்கிவிட்டேன். பத்தொன்பது முறை நொறுக்கிய பிறகு!

ஓடுபாதை தெரிந்ததும் என்னையறியாமல் கண்மூடி இறைவன் திருநாமம் சொல்லிவிடுவேன். அதற்குள் விமானம் வேலியில் மோதிவிடும். இன்று உன் அம்மா பின்னால் நின்று சிரித்தாள்.

"கண்ணைத் திறந்துக்கிட்டே கும்பிடுங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. உள்ளே இருநூறு பேர் உக்காந்திருக்காங்க!"

அவ்வாறே செய்தேன். சக்கரங்கள் தரையைத் தொட்டது மேசைக்குக்கூடத் தெரியவில்லை. நீ இதை நாள்தோறும், உயிருள்ள மனிதரைச் சுமந்து செய்கிறாய்.

ஒன்பது ஆண்டுகளாக உன் விமானத்தில் ஏறாதிருக்க முதுகுவலி என்று சொல்லிவந்தேன். முதுகு நலமாகவே இருக்கிறது. நீ ஓட்டும் விமானத்தில் எனக்கொரு சன்னலோர இருக்கை பதிவுசெய். இறங்கும்போது கண்மூட மாட்டேன்.

பெருமிதம் தாங்காத,
உன் அப்பா