கதிரி அரசகுமாரி அல்லள்

அனுப்புபவர்:
மெற்றில்டா அந்தோனிமுத்து,
வால்தம்ஸ்டோ, இலண்டன்.

பெறுபவர்:
உயர்திரு ஸ்ரீஸ்கந்தராஜா அவர்கள்,
கல்விச் செயலாளர்,
தேன்மொழி சனிக்கிழமைப் பள்ளிகள் கூட்டவை, இலண்டன்.

பொருள்: ஆறாம் வகுப்புத் துணைவாசிப்பு நூலான ‘கதிரியின் செஞ்சாயம்’ கதையை எழுதியவரைக் கேளாமல் மாற்றியமை பற்றிய புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிள்ளைகளுக்கு ஒரு சரித்திரக் கதை வேண்டும், ராசா ராணி இல்லாததாக இருந்தால் நல்லது என்று சென்ற வருடம் தாங்களே என்னிடம் கேட்டீர்கள். பகலில் பல் வைத்தியசாலையில் வரவேற்பாளராக வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்போது அச்சுக்குப் போவதற்கு முன் பார்வைக்கு வந்த பிரதியின் அட்டையில் ஒரு பெண் முடி சூடி நிற்கிறாள். யாரென்று பார்த்தால், என் கதிரி!

2. கதையைத் தாங்கள் வாசிக்க நேரம் கிடைத்திராது என்று நினைத்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம். கதிரி, ஊர் அதிகாரியான ஓர் உடையார் வீட்டில் பிறந்த அடிமைப் பெண். சாயவேரை அவித்துச் சிவப்பு எடுத்து, துணியில் பூவும் கொடியும் எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தச் சீலைகளை உடையார் ஒல்லாந்தர் கோட்டைக்கு அனுப்பி விற்கிறார். அவற்றில் ஒன்றைத் தோளில் போட்டுப் பார்க்கவும் அவளுக்கு அனுமதியில்லை. உடையாரின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிறது. கலியாணச் சீலையையும் கதிரிதான் எழுதுகிறாள். அந்தச் சீலையோடும் காணியோடும் பசுவோடும் சேர்த்து, கதிரியும் சீதனமாகக் கொடுக்கப்படுகிறாள். அவளுடைய தாய் பழைய வீட்டிலேயே நின்றுவிடுகிறாள். கதிரி என் கற்பனை. அடிமைகளைச் சீதனத்தில் சேர்த்துக் கொடுத்த வழக்கம் என் கற்பனை அல்ல. ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றியும் எழுதியிருந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

3. கோடை விடுமுறைக்கு முன் எங்கள் வால்தம்ஸ்டோப் பள்ளிக்கு அழைத்தார்கள். சீதனக் கட்டத்தை வாசித்தேன். தமிழ் வகுப்பென்றால் கதிரையில் நெளிகிற பிள்ளைகள் அன்று அசையாமல் இருந்தார்கள். முடிந்ததும் நிஷாந்த் என்ற மாணவன் கையை உயர்த்தி, “ரீச்சர், அந்த உடையார் வெள்ளைக்காரனா?” என்று கேட்டான். “இல்லையப்பு, எங்கட ஆள்தான்” என்றேன். “அப்ப கதிரி?” என்றான். “அவளும் எங்கட ஆள்தான்” என்றேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான். அந்தக் கிழமையே சில பெற்றோர் கூட்டவைக்குத் தொலைபேசியில் முறையிட்டார்களாம். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4. அதன் பிறகு கூட்டவையின் நூற்குழு என் கதைக்குச் செய்த சேவையைக் கீழே தருகிறேன். ‘அடிமை’ என்ற சொல் இருந்த இடமெல்லாம் ‘தோழி’ ஆகிவிட்டது. உடையார் ‘கொடிய பறங்கி வணிகன்’ ஆகிவிட்டார். கதிரி என்ற பெயர் அழகாக இல்லையென்று ‘கதிரெழிலி’ என்று மாற்றி, அவளை எதிரிகளால் கடத்தப்பட்ட அரசகுமாரி ஆக்கியிருக்கிறார்கள். சீதனமாகக் கொடுக்கப்பட்டவள் இப்போது கலியாணப் பெண்ணுக்குத் துணையாக மகிழ்ச்சியோடு மாட்டுவண்டியில் ஏறிப் போகிறாள். தாய் பலகாரம் கட்டிக் கொடுத்து வழியனுப்புகிறாள். ஐயா, அந்தப் பலகாரத்தைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

5. நூற்குழுப் பொறுப்பாளர் திரு. ஞானேஸ்வரன் அவர்களை அழைத்துக் கேட்டேன். மிகுந்த பண்போடு பேசினார்; அதை மறைக்க மாட்டேன். “பிள்ளையளின்ர மனம் நொந்துபோகும், மெற்றில்டா. எங்கட ஆக்கள் அடிமை வைச்சிருந்தவை எண்டு இஞ்ச வளருற பிள்ளைக்கு ஏன் சொல்லுவான்?” என்றார். நடந்ததுதானே என்றேன். “நடந்ததெல்லாத்தையும் சொல்ல ஏலாது” என்றார். போனை வைத்துவிட்டேன்.

6. சென்ற மாதம் இதே பிள்ளைகள் தங்கள் ஆங்கிலப் பள்ளிகளில் ஆபிரிக்க அடிமைகளைப் பற்றிப் பெரிய பெரிய படங்கள் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். கப்பலின் அடித்தட்டில் மனிதரை அடுக்கிய படத்தை ஒரு மாணவி அப்படியே வரைந்திருந்தாள். பெற்றோர் அதைப் படம் பிடித்துப் பெருமையோடு எல்லோருக்கும் அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. அப்போது யாருடைய மனமும் நோகவில்லை. வெள்ளைக்காரன் வைத்திருந்த அடிமையைப் பற்றிப் படித்தால் அறிவு வளருமாம், உடையார் வைத்திருந்த அடிமையைப் பற்றிப் படித்தால் மனம் உடையுமாம். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

7. ஆண்டு விழாவில் இந்தக் கதை நாடகமாகவும் வருகிறது. கதிரியாக நடிக்கும் கோசிகா கெட்டிக்காரப் பிள்ளை. அவளுடைய தாய் ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, முடி எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துவிட்டார். தாயை நான் குறை சொல்லமாட்டேன். மேடையேறும் தன் பிள்ளை மின்ன வேண்டும் என்று எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்? அந்தத் தாய்க்கு அரசகுமாரி என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள். ஒத்திகையில் கோசிகா ஒட்டியாணத்தோடு குனிந்து சாயப் பானையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. பானையை மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கதிரியின் கையில் இருந்த ஒரே வேலையும் போய்விட்டது. இனி அவள் சும்மா நின்று சிரிக்க வேண்டியதுதான்.

8. இனி எழுதப்போவதை மனுவில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் தங்களுக்கு என் கோபம் விளங்காது. நம்மவர் கலியாண வீடுகளில் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் “ஊரில எவடம்?” என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் எந்தக் கோவிலுக்குக் கிட்ட என்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இலண்டனுக்கு வந்த நாளிலிருந்து நான் “யாழ்ப்பாணம் ரவுன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவேன்.

என் அம்மம்மாவின் பூட்டி சீதனமாகக் கொடுக்கப்பட்டவர். ஒரு பசுவோடும் பனங்காணியோடும் கொடுத்தார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள் என்பது தெரியும். அந்தப் பசுவின் நிறங்கூடத் தெரியும். அவருடைய பெயர் மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஞானேஸ்வரன் அவர்கள் “எங்கட ஆக்கள்” என்று சொன்னபோது என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். ஆனால் சீதனமாகப் போன அந்தப் பூட்டி அந்தச் சொல்லுக்குள் இருக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

9. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) வருகிற வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுப்பதை நிறுத்தி, நான் எழுதியபடியே கதையைத் திருப்பித் தர வேண்டும். உடையார் உடையாராகவும் அடிமை அடிமையாகவும் இருக்கட்டும்.

(ஆ) நாடகத்தில் பானையைத் திரும்ப வைக்க வேண்டும். கோசிகாவின் தாயோடு நானே பேசிக்கொள்கிறேன். உடைக்கு நான் பொறுப்பு.

(இ) கதையை மாற்றித்தான் அச்சிடுவீர்களென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். இன்று காலையில் அந்த வரியை வெட்டிவிட்டேன். பெயரில்லாமல் போனவர்கள் எங்கள் குடும்பத்தில் போதும். கதையும் நான் எழுதியபடி வர வேண்டும், என் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

(ஈ) நூலின் பின்னட்டையில் எழுதியவரைப் பற்றி இரண்டு வரி கேட்டிருந்தீர்கள். ‘யாழ்ப்பாணத்தில் பிறந்து இலண்டனில் வாழ்கிறார்’ என்று நான் அனுப்பியதைத் தயவுசெய்து நீக்கிவிட்டு, கீழே உள்ளதைப் போடும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்:

‘மெற்றில்டா அந்தோனிமுத்து. சீதனமாகக் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழியில் பிறந்தவர்.’

தங்கள் பதிலை வெள்ளிக்கு முன் எதிர்பார்க்கும்,

மெற்றில்டா அந்தோனிமுத்து
(ஒப்பம்)

இடம்: வால்தம்ஸ்டோ, இலண்டன்
திகதி: 3 நவம்பர் 2025