இடது கையால் ட்றம்பெற் பிடித்தவன்

என் தங்கச்சி பெற்ற ஒரே பிள்ளையே, ஒரே மூச்சில் குருநகரின் அத்தனை சேவல்களையும் வெட்கப்பட்டு வாய்மூட வைத்த என் யூட்,

வருகிற வியாழக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம். அன்று காலைப் பூசை உனக்காக. பூசை முடிந்ததும் கோயில் பாண்ட்காரர் எல்லோரும் நேரே எங்கள் மண்டபத்துக்கு வருகிறார்கள்; உன் படத்தைச் சுவரில் ஏற்றப்போகிறோம். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், ஊருக்கும் கேட்கும்படி, பேப்பரில். தாள் தட்டுப்பாட்டால் பேப்பர் இப்போது பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அச்சாகிறது. கோடு போட்ட தாளில் பொய் எழுதினால் வாத்தியார் அடிப்பார் என்ற பயம் எனக்கு இந்த வயதிலும் போகவில்லை.

முதலில் மண்டபத்தின் சேதியைத்தான் கேட்பாய். வடமாகாண ஜாஸ் நூதனசாலையும் புகழ் மண்டபமும் இன்னும் நிற்கிறது. லண்டனிலும் நியூயோர்க்கிலும் இப்படி ஒன்று இல்லை என்று நான் எத்தனை தரம் சத்தியம் செய்திருப்பேன்? பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அது செத்துப்போன உன் அப்பா படகு எஞ்சின் வைத்திருந்த பத்தடிக் கொட்டில். கடலில் தொழிலுக்குத் தடை வந்து, எஞ்சினும் விலைப்பட்டுப் போனபின் நானும் நீயும் அதை அரண்மனையாகப் பிரகடனம் செய்தோம். நான் பணிப்பாளர் நாயகம். நீ உதவிப் பணிப்பாளரும் பிரதம கூட்டுமாறுகாரனும்.

பெரிய பித்தளைக் குழலுக்குள் உன் அம்மாவின் கோழி இந்த வருடமும் அடை கிடந்தது. ஏழு குஞ்சு. அவற்றில் ஒன்று தாளம் பிசகாமல் கத்துகிறது. மீன் பிடிக்கும் தங்கூசியை நரம்பாகக் கட்டிய பாஞ்சோ அப்படியே இருக்கிறது. ஷெல் துண்டு ஒன்று உள்ளே நுழைந்து ஒரே ஒரு அடி வாசித்துவிட்டுப் போன மேளமும் இருக்கிறது. சுவரில் அந்த நான்கு படங்கள். கப்பல்களில் பாண்ட் வாசித்து மடிந்த நம்மூர்க் கிழவர் மூன்று பேர். அவர்களுக்கு முன்னால், வாசலைப் பார்த்தபடி, முதல் படம் நான். கோட், கழுத்துப்பட்டி, கையில் ட்றம்பெற். கீழே என் கையெழுத்தில்: "கொழும்புக் கடற்கரை ஹொட்டேலின் முதலாம் ட்றம்பெற்."

அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கலியாணங்களில் பாண்ட் நின்றுபோய், கோயில் பாண்டுக்கும் சா வீடு தவிர வேறு வாசிப்பு இல்லாமல் போன நாட்களில், நீ என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாய்.

"மாமா, உண்மையாவே அந்த ஹொட்டேல் பாண்டிலை என்னை எடுப்பினமோ?"

"எடுக்கிறதோ? என்ரை பேரைச் சொல்லிப்பார். வாசல்லை இருந்து மேடை மட்டும் கம்பளம் விரிப்பினம். நான் ஊதினால் கடல் அலை தாளத்துக்கு அடிச்சது எண்டு கொழும்பிலை இண்டைக்கும் கதைக்கினமடா."

உன் அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "பாதை பயமாக் கிடக்கு அண்ணை. கடல் நீரேரியிலை படகுகளைச் சுடுறாங்களாம். என்னட்டை இவன் ஒருத்தன்தானே."

"அதுக்காகச் சிங்கத்தை மீன் கூடையாலை மூடி வைக்கிறதோ திரேசா? அது நான் நிண்ட இடம். என்ரை பிள்ளையை விட்டிடுவினமோ அங்கை?"

அவள் திரும்ப அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் நின்ற இடம் என்றதும் அவளுக்குப் போதும். சின்ன வயதில் இருந்தே என்னை நம்பிப் பழகியவள்.

நான் உனக்குக் கடிதம் எழுதித் தந்தேன். நான்கு பக்கம், ஆங்கிலத்தில், பாண்ட் மாஸ்டரின் மாட்சிமை பொருந்திய சமூகத்துக்கு. பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, மெழுகுதிரி உருக்கி ஒட்டினேன். நீ அதைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்திக்கொண்டாய்.

நீரேரியில் பாதி வழியில் உன் படகின் மேல் சூடு பட்டது. கரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு உன்னை யாரென்று தெரியாது. பையில் இருந்த கடிதத்தைப் பிரித்து, அடியில் இருந்த என் பெயரையும் விலாசத்தையும் பார்த்துத்தான் எங்களைத் தேடி வந்தார்கள். நான்கு பக்கத்திலும் ஒரு எழுத்துக் கரையவில்லை, யூட். கடிதம் நனையாமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்திருக்கிறது.

உன் அம்மா பின்னேரங்களில் மண்டபத்துக்கு வருகிறாள். கரன்ட் இல்லை, பற்றறி கண்ணால் காணக் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவின் வயரைக் கசற் றெக்கோடரில் கொழுவி, நான் மிதிக்கிறேன். நீ போவதற்கு முன்கிழமை பதிந்த கசற். அன்றும் மிதித்தது நான்தான். உன் ட்றம்பெற்றுக்குப் பின்னால் என் சங்கிலி கிறீச்சிடுவது அதிலும் கேட்கிறது. முதலில் நீ கதைக்கிறாய். ஒரே ஒரு வசனம். "இது என்ரை மாமா கொழும்பிலை வாசிச்ச பாட்டு." பிறகு ஊதுகிறாய்.

ஒரு நாள் எனக்கு இளைத்துப்போனது. கால் தளர, கசற்றும் தளர்ந்தது. உன் குரல் கீழே இறங்கியது. இருபத்திரண்டு வயதுப் பெடியன் நாற்பதாகி, ஐம்பதாகி, தொண்டை கரகரத்து, "இது என்ரை மாமா" என்றான். நான் பதறி வேகமாக மிதிக்கப் போனேன். திரேசா என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அண்ணை. உப்பிடியே மெதுவா மிதியுங்கோ. பிள்ளை வயசு போய் எப்பிடி இருந்திருப்பான் எண்டு கேப்பம்."

அன்றிலிருந்து அப்படித்தான். நான் ஆறுதலாக மிதிக்கிறேன், நீ கிழவனாகிறாய், உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். "அவற்ரை குரல் மாதிரியே வந்திட்டுது" என்று ஒருநாள் உன் அப்பாவைச் சொன்னாள். இதை எந்த மேடையில் சொல்லி நான் பெருமை பேசுவேன்?

போன கிழமை அவள் செப புத்தகத்துக்குள் இருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"இதையும் கண்ணாடி போட்டு மாட்டுவம் அண்ணை. உங்கடை படத்துக்கும் அவன்ரை படத்துக்கும் நடுவிலை. எவ்வளவு பெரிய இடத்துக்குப் போக வெளிக்கிட்டவன் எண்டு சனம் பாக்கட்டும்."

நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

இனிச் சொல்லுகிறேன். நான் அந்த ஹொட்டேலில் ட்றம்பெற் வாசிக்கவில்லை. எங்கேயும் வாசிக்கவில்லை. பதினொரு மாதம் அங்கே குசினியில் கோப்பை கழுவினேன். ஹொட்டேலின் சாப்பாட்டு மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவே ஆடும் கதவு ஒன்று. பரிமாறுகிறவன் தட்டோடு தள்ளிக்கொண்டு போகும்போது பாண்ட் சத்தம் உள்ளே விழும். கதவு திரும்ப அடித்து மூடினால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் மட்டும். நான் கேட்ட ஜாஸ் அவ்வளவுதான். கதவு திறந்த அளவு. அந்த பாண்ட் மாஸ்டர் இருக்கிறாரோ செத்தாரோ எனக்குத் தெரியாது. என் முகத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

உனக்கு நான் வாயால் பாடிப் பழக்கிய பாட்டு ஞாபகம் இருக்கிறதா? நடுநடுவே நிறுத்திவிடுவேன். "இதிலை நான் விடுறன். உன்ரை எண்ணத்துக்கு ஊது. அதுதான் ஜாஸ்" என்பேன். எனக்குத் தெரியாத இடங்கள் அவை, யூட். கதவு மூடியிருந்த நேரங்கள். நீ அந்த இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாய். இப்போது கசற்றில் கேட்டால் நன்றாக இருப்பவை அவைதான். நான் சொல்லித் தந்த துண்டுகள் நொண்டுகின்றன.

அந்தப் படம், ஸ்ரூடியோவில் கோட்டோடு சேர்த்து வாடகைக்குத் தந்த ட்றம்பெற்றோடு எடுத்தது. பிடிக்கத் தெரியாமல் பிடித்தேன். விரல் வைக்க வேண்டிய கை வலது. படத்தில் நான் இடது கை விரல்களை வைத்திருக்கிறேன்.

நீ ஒன்பது வயதில் ட்றம்பெற் தூக்கியவன். படத்தைக் கிழமைக்கு ஒரு தரம் துடைத்தவன். ஒரு தரம் துணியும் கையுமாக நின்று கேட்டாய்: "மாமா, நீங்கள் இடக்கையோ?"

"முதலாம் ட்றம்பெற்காரன் எந்தக் கையாலையும் வாசிப்பானடா" என்றேன்.

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை ஒரு வருடமாக உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம்பிச் சிரித்தாயா? தெரிந்துகொண்டு சிரித்தாயா? தெரிந்திருந்தால், என் கடிதத்தை ஏன் பையில் வைத்துக்கொண்டாய்? கிழவனின் மனம் நோகக்கூடாது என்றா? கொழும்புக்குப் போய், நான் அங்கே ஒரு ஆளே இல்லை என்று கண்டு, ஊருக்குத் திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பாயா? நம்பிப் போனாய் என்றால் நான் உன்னைக் கொன்றவன். நம்பாமலே போனாய் என்றால், எனக்காகப் போனாய். இரண்டில் எது நல்லது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

நேற்று கசற்றில் அந்த ஒரு வசனத்தை மட்டும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். சிவப்புப் பொத்தானில் விரலும் வைத்தேன். ஆனால் உன் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த வசனம் ஒன்றுதான். என் பொய்யை எடுத்தால் நீயும் போய்விடுவாய். விரலை எடுத்துவிட்டேன்.

திரேசா இதை வாசிப்பாள். பேப்பரை அவள் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தில் தொடங்கி, கடைசி எழுத்து வரை வாசிப்பவள். முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்று தரம் அவள் வீட்டுப் படலை வரைக்கும் போனேன். மூன்று தரமும் உள்ளே இருந்து "ஆர் அண்ணையோ, வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது? இனி அவள் எனக்குத் தேத்தண்ணி தருவாளோ தெரியாது. தராவிட்டால் அவள் பக்கம்தான் நியாயம்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. வியாழக்கிழமை, பாண்ட்காரர் வரும் முன்பே, என் படத்தைக் கழற்றிவிடுவேன். அந்த ஆணியில், வாசலைப் பார்த்தபடி, உன் படம். கடிதம் கண்ணாடிக்குள் போகாது. உன் பெயருக்குக் கீழே, இந்தத் தரம் ஒரு சொல்லும் கூட்டாமல், "ஜாஸ் வாசித்தவன்" என்று மட்டும் எழுதுவேன். அந்த மண்டபத்தில் அப்படி எழுதத் தகுந்தவன் நீ ஒருவன்தான்.

பிறகு சைக்கிளில் ஏறி இருப்பேன். திரேசா வந்தால் அவள் சொல்லும் வேகத்தில் மிதிப்பேன். வராவிட்டாலும் பின்னேரம் தவறாமல் மிதிப்பேன், மெதுவாக, மிக மெதுவாக, நீ அறுபதைத் தொட்டு என்னையும் விட மூத்தவனாகி, "இது என்ரை மாமா" என்று கரகரக்கும் வரைக்கும். அந்த இடத்தில் ஒவ்வொரு தரமும் உரத்துச் சொல்வேன்: இல்லை மகன், இது உன்ரை பாட்டு.

இப்படிக்கு,
கொழும்பில் கோப்பை கழுவிய,
உன் அம்மாவின் அண்ணன்,
உன் மாமா.