புளியமரத்துச் சனியன்

ஜனவரி 9
இன்றும் ஒரு கோழிக்குஞ்சு குறைகிறது. வேலியோரப் புளியமரத்தில் கழுகு கூடு கட்டியிருக்கிறது. வேறு யார் எடுப்பார்கள்? தறி ஓட்டி மூச்சிரைப்பு வந்து நின்றபின் எனக்கிருக்கும் பிழைப்பு இந்த நாட்டுக்கோழிகள்தான். அதிலும் வாய் வைத்தால்?
மரம் என்னுடையது. மரம் வெட்டும் சகாயராஜுக்குப் போன் போட்டுவிட்டேன்.

ஜனவரி 11
சகாயராஜ் ரம்பத்தோடு வந்தான். பக்கத்துத் தோட்டத்து மதியழகன் வேலியைத் தாண்டி ஓடிவந்துவிட்டான்.
"ஏனுங்க்கா, கூடு இருக்கற மரத்துல கை வெச்சா பாரஸ்ட்டுக்குச் சொல்லிப்போடுவேனுங்க."
"எங்கோழியத் திங்குதுங்க தம்பி."
"கழுகு எலியும் ஓணானுந்தானுங்க திங்கும். உங்க குஞ்சக் கீரி புடிக்குதுங்க."
இவனுக்கென்ன இவ்வளவு கரிசனம்? கழுகு வந்ததிலிருந்து இவன் கடலைக்காட்டில் மயில் இறங்குவதில்லை. அவ்வளவுதான். சகாயராஜ் கேஸுக்குப் பயந்து ரம்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.
இருக்கட்டும். கழுகு என் குஞ்சைத் தின்பதைப் போட்டோ எடுத்து பாரஸ்ட்காரர் கையிலேயே கொடுக்கிறேன்.

ஜனவரி 17
பொங்கலுக்கு வந்த மகள் வெண்ணிலா, தோழியின் பைனாகுலரில் பார்த்துவிட்டுக் குதிக்கிறாள். குடுமிக் கழுகாம். அபூர்வமாம். உன் காலேஜ் பீஸை அபூர்வம் கட்டுமா என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பைனாகுலரை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
குஞ்சுகளை ரோஸ் சாயத்தில் முக்கி எடுத்தேன். வெண்ணந்தூர் சாயப்பட்டறையில் வாங்கியது. கலர் குஞ்சைக் கண்டால் கழுகு மிரளும் என்று இங்கே எல்லோரும் செய்வதுதான். மிரளாவிட்டாலும் சரி, கூட்டில் ரோஸ் தெரிந்தால் அதுவே சாட்சி.

பிப்ரவரி 13
கூட்டில் பஞ்சுபோல ஒரு வெள்ளைத் தலை. பொரித்துவிட்டது. தின்ன இன்னொரு வாய். நாசமாய்ப் போக.

பிப்ரவரி 20
கூட்டுக்குக் கழுகு கொண்டுவருவது அணில். ஓணான். எலி. மறுபடி எலி. மதியழகன் சொன்னது உண்மையாகிவிடுமோ என்று வயிறு எரிகிறது.

மார்ச் 6
மாட்டிக்கொண்டது! தாய்க்கழுகு ரோஸ் குஞ்சோடு வந்து இறங்கியது. போன வாரம் நான் சாயத்தில் முக்கிய குஞ்சேதான். அடி திருட்டு முண்டமே என்று வாய்விட்டுக் கத்தினேன். கையில் போன் தயாராக இருந்தது.
அது சின்னச் சின்னதாகக் கிழித்து, கழுத்தைச் சாய்த்து, தன் குஞ்சின் வாயில் வைத்தது. விழுங்கும்வரை பொறுத்திருந்து அடுத்த துண்டு. குஞ்சு போதுமென்று தலையைத் திருப்பிய பிறகு, மிஞ்சிய கோழிக்காலை மட்டும் தாய் தின்றது.
அடுப்பில் பால் தீய்ந்த நாற்றம் வந்தபோதுதான் எனக்கு நினைவே வந்தது. போட்டோ எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? பைத்தியமா புடிச்சிருக்குது எனக்கு?

மார்ச் 8
குமாரபாளையத்தில் பழைய மீன்வலை வாங்கி வந்து கோழிகளுக்கு மேலே கட்டினேன். கழுகின்மேல் இரக்கப்பட்டு அல்ல. என் கோழிக்காக.

ஏப்ரல் 17
கழுகுக்குஞ்சு இன்று பறந்தது. பறந்தது என்றா சொல்வது? தொப்பென்று கீழ்க்கிளையில் விழுந்து, இறக்கையை அடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, எப்படியோ ஏறி உட்கார்ந்தது. அதுவரை பைனாகுலரை நான் இறக்கவே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்வதற்கென்ன.

மே 9
விடிந்ததிலிருந்து கழுகுக்குஞ்சு கீய்ங் கீய்ங் என்று ஒரே கத்தல். இவ்வளவு வளர்ந்தும் வேட்டையாடத் துப்பில்லை. ஆத்தாள் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம்.

மே 19
மதியழகன் வரப்பில் கட்டிவைத்திருந்த சண்டைச்சேவலை இந்தக் குட்டிக் கழுகு அடித்துவிட்டது. ஓட முடியாமல் கட்டிக்கிடந்ததால் இதுக்குக்கூட அகப்பட்டிருக்கிறது. அவன் குதித்த குதி!
"அந்த மரத்த வெட்டுங்க்கா, கூலி நான் தாரேன்."
"எலியும் ஓணானுந்தானுங்களே தம்பி திங்கும்?"
"வெளையாடாதீங்க. அதைச் சுடாம வுடமாட்டேன்."
மரத்தில் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 21
சாயங்காலம் ஏர்கன்னோடு வேலியருகே வந்து நின்றான். கழுகுக்குஞ்சு புளிய இலைக்குள்தான் இருந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும், அவனுக்குத் தெரிந்துவிடும். அது கத்துகிற நேரம் வேறு.
"எங்கீங்க்கா, அந்தக் கழுகக் காணோம்?"
"கொல்லிமலைப் பக்கம் போயிருச்சுங்க."
மேலே கீய்ங் என்று லேசாக ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மிஷினைப் போட்டேன். தடதடவென்று ஊரே அதிர்ந்தது. அவன் என்னவோ கேட்டான். காது கேட்கவில்லை என்று கையைக் காட்டினேன். இருட்டும்வரை அவன் நின்றான். நானும் வெட்டிக்கொண்டே இருந்தேன்.
மாட்டுக்கு மூன்று நாளைக்குத் தட்டு கிடக்கிறது.