என் கவிதையில் மீன் இருக்கும்

786

ரோலா, ஷார்ஜா
18.11.2007

அன்பு மகன் ஜைதுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் தங்கச்சி நஜீஹாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்கள் யோசனையெல்லாம். போன தடவை வந்தபோது வாங்கிக் கொடுத்த கம்பளி பனியனை உள்ளே போடுகிறாயா, இல்லை பெட்டியிலேயே தூங்குகிறதா. வாப்பாவுக்கு முட்டி வலி விடவில்லை, இன்டஸ்ட்ரியல் ஏரியா கடையில் ஸ்டூல் மேல் ஏறி சாமான் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். நஜீஹாவுக்குப் பரீட்சை வருகிறது, ஆனால் புத்தகத்தைவிட கம்ப்யூட்டரைத்தான் அதிகம் பார்க்கிறாள். நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்ணி இப்பவே ஜைத் காக்காவுக்கு அனுப்புறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டைப் பண்ணும்போதே அங்கங்கே அழகு பார்த்துத் திருத்திவிடுவாள், என் பேச்சைத் திருத்த இந்த வீட்டில் ஒரு பிள்ளை போதும். போனில் பேசலாம் என்றால் எனக்குக் கோபம் சூடு பிடிக்கிற நேரத்தில் கார்டு தீர்ந்துபோகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

துபாய் தேராவிலிருந்து உன் பெரிய வாப்பா முகம்மது சித்தீக் உனக்குப் போன் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். உன் உம்மா ரேடியோவில் உன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொல்லியிருப்பார். என்னிடமும் கத்தினார். பெத்த பிள்ளைய ஊரே கேக்க இப்படிச் சொல்லலாமா ரஹீமா என்றார். அவன் ஊர் கேக்கப் போட்டான் மச்சான், நானும் ஊர் கேக்கத்தான் பதில் சொன்னேன் என்றேன். போனை வைத்துவிட்டார். நீயும் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குப் போன் செய்யவில்லை. உன் உம்மா என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்பதை அவளிடமே கேட்டுக்கொள், அடுத்தவர் வாயால் வேண்டாம்.

நீ இணையத்தில் நடத்துகிற அந்தக் கவிதை ரேடியோ, பாட்காஸ்டோ என்னமோ பேர் சொன்னாயே, அதைப் பற்றி எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். இங்கே இருந்தவரை தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாய், கனடா போய்த்தான் உனக்கு அந்த ருசி வந்தது, அதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி. லீவில் வந்தபோது சின்ன ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த என்னிடம், உம்மா உங்க கவிதையச் சொல்லுங்க, எங்க நிகழ்ச்சியில போடுறேன் என்று நீதான் கேட்டாய். குக்கர் ஒரு பக்கம், பக்கத்து ஃபிளாட்டுப் பிள்ளையின் அழுகை ஒரு பக்கம், நான் பாட்டுக்குச் சொன்னேன். திருப்பிப் போட்டுக் காட்டு என்று கேட்பதற்குள் டாக்ஸி வந்துவிட்டது, நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

இப்போது சொல்லப் போவதை வாப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோவில் நேயர் கவிதை நேரத்துக்குப் போன் போட்டுக் கவிதை சொல்கிறேன் அல்லவா, ஒரு தடவைகூட நான் என் குரலைக் கேட்டதில்லை. லைன் கிடைத்தவுடன் அறிவிப்பாளர் உமாராணி சொல்கிற முதல் வார்த்தை வணக்கம்கூட இல்லை, ரேடியோ சத்தத்தக் குறைச்சுக்கங்கம்மா என்பதுதான். குறைக்காவிட்டால் கூ என்று கத்துமாம். நானும் ஓடிப்போய்க் குறைத்துவிட்டு வந்து சொல்வேன். கடையில் வாப்பா கேட்பார், துணி துவைத்துக்கொண்டே லேபர் கேம்ப் பிள்ளைகள் கேட்பார்கள், தேராவில் பெரிய வாப்பா குறை கண்டுபிடிப்பதற்காகவே கேட்பார். நான் மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு போனை வைப்பேன். ஒரு தடவை டேப்பில் பிடித்து வைக்கிறேன் என்று உட்கார்ந்த உன் வாப்பா அவசரத்தில் வேறு பொத்தானை அமுக்கிவிட்டார், அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். உன் நிகழ்ச்சியில் வரப்போகிறது என்றதும் இந்தத் தடவை கேட்டுவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அது மட்டும்தான் நான் ஆசைப்பட்டது.

வந்துவிட்டது என்று நஜீஹா கூவினாள். அதை ஒரு சிடியில் இறக்கிக் கடைக்குக் கொண்டுபோனோம். பெருநாளைக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டேன், கடல்பாசி இனிப்புக் காய்ச்சித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டேன், சிரிக்காதே. கேம்பிலிருந்து வீரபாண்டியும் இன்னும் நாலைந்து பேரும் டியூட்டி முடிந்து குளித்துத் தலை சீவி வந்திருந்தார்கள். அந்த முதுகுளத்தூர்ப் பையனை உனக்குத் தெரியும், கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஊருக்குப் போனில் பேசுவானே, அவனைப் பற்றித்தானே அந்தக் கவிதை. என்னப் பத்தி பாயம்மா பாட்டுக் கட்டியிருக்காங்க என்று கேம்ப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். வாப்பா ஃப்ரிட்ஜின் சத்தம் கேட்கக் கூடாது என்று பிளக்கையே பிடுங்கினார். முதலில் புல்லாங்குழல் வந்தது. பிறகு என் பெயரைச் சொன்னார்கள். பிறகு யாரோ ஒரு பெண் பேசினாள்.

ஜைத், அந்தப் பெண் நன்றாகத்தான் படித்தாள், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இது யாரு பாயம்மா, ஏர்போர்ட்டுல பிளைட் நேரம் சொல்ற பொண்ணா என்று வீரபாண்டி கேட்டான். அடுப்படியில் நான் சொன்னது இதுதான், மறந்திருந்தால் படித்துப் பார்.

கடைச் சொவத்துல சாஞ்சு நிக்கிறான்
கையில காஞ்ச குப்பூசு
சாப்பிட்டீங்களான்னு கேக்குது அந்தப் பக்கம்
மீன் கொழம்பு, ஒரு பிடி பிடிச்சேங்கிறான்
உள்ள இருந்த நான் சிரிக்கல
என் உம்மா கேட்டப்பவெல்லாம் நானும்
இதே மீனத்தான் பொரிச்சேன்

நீ போட்டதில் குப்பூஸ் ரொட்டியாகிவிட்டது. உம்மா அன்னையாகிவிட்டாள். மீன் குழம்பு அறுசுவை விருந்தாகிவிட்டது, அவன் உணவருந்தினேன் என்கிறான். எந்த ஊர் ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் போனில் உணவருந்தினேன் என்று சொல்வான், நீயே சொல். வீரபாண்டிக்கு முகம் செத்துவிட்டது. நான் அப்படிச் சொன்னா எம் பொண்டாட்டி வேற எவனோன்னு போன வச்சிருவா பாயம்மா என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். மீனை எடுத்துவிட்டால் அந்தக் கவிதையில் என்ன மிச்சம், முள்ளா?

நஜீஹாவை விட்டு ஏன் என்று கேட்க வைத்தேன். சத்தம் அதிகமாக இருந்தது, உங்கள் ஸ்லாங் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது, யாரும் உங்களைக் கேலி செய்துவிடக் கூடாது என்றுதான் கொஞ்சம் பாலிஷ் பண்ணினேன் என்று பதில் போட்டாய். என்னைக் காப்பாற்றினாயாம். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது உன் ஸ்கூலில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா. வாசலிலேயே என் கையைப் பிடித்து, நீங்க பேசாதீங்க உம்மா, வாப்பா பேசட்டும் என்றாய். சின்னப் பிள்ளை, கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறது என்று நினைத்து அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். உன் டீச்சர் தமிழ்ப் பெண்தான், அவளிடம் கேட்க எனக்கு எத்தனையோ இருந்தது, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன். இன்றைக்கு நீ சின்னப் பிள்ளை இல்லை. நானும் வாயை மூடப் போவதில்லை. கலாஸ், அந்தக் காலம் முடிந்தது.

அதனால்தான் அடுத்த வெள்ளிக்கிழமை போன் போட்டேன். உமாராணி வழக்கம்போல ரேடியோவைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன். என்ன சொன்னேன் என்பதைப் பெரிய வாப்பா கூட்டிச் சொல்லியிருப்பார், சொன்னது இவ்வளவுதான். என் மகன் கனடாவில் கவிதை நிகழ்ச்சி நடத்துகிறான், நல்ல பிள்ளை, எல்லாரும் கேளுங்கள். ஆனால் அதில் என் பெயர் போட்டு வந்தது என் கவிதை இல்லை, என்னுடையது இது. சொல்லிவிட்டு மீனோடு சேர்த்துச் சொன்னேன். உமாராணி, இன்னொரு தடவ சொல்லுங்கம்மா என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவனெல்லாம் பாய், மீன் கொழம்பு இருக்கா என்று கேட்டு உன் வாப்பாவின் உயிரை எடுக்கிறான். அவர் உம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் நான் வரவில்லை என்கிறார், ஆனால் மாஃபி மாஃபி, எல்லாம் வித்துப் போச்சு என்று அவர்களுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதை நான் பார்த்தேன்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். உன்னைப் போன்ற பிள்ளை யாருக்குக் கிடைக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்டு அழகாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், அதையும் பாலிஷ் பண்ணித்தான் அனுப்புவாய். எனக்கு வேண்டியது வேறு. அன்றைக்கு அடுப்படியில் நீ பிடித்தாயே, அதை அழித்திருக்க மாட்டாய், என் மகன் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அதை எடுத்து, புல்லாங்குழலை வெளியே அனுப்பிவிட்டு, குக்கரும் அந்தப் பிள்ளையின் அழுகையும் எப்படி இருக்கிறதோ அப்படியே போடு. புரியாதவர்கள் இரண்டு தடவை கேட்கட்டும். கேலி செய்கிறவன் செய்யட்டும், அவன் உம்மாவும் ஏதாவது ஒரு ஊர்ப் பேச்சுத்தான் பேசுவாள். உனக்கு வெட்கமாக இருந்தால் என் பெயரை எடுத்துவிடு, அந்தப் பெண்ணின் பெயரையே போட்டுக்கொள், அதற்கு மேல் என்னிடம் கவிதை கேட்காதே. இரண்டில் ஒன்று. அதற்காக எங்களுக்குப் போன் செய்யாமல் இருக்காதே, கோபத்தில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அதுவும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் மீன் குழம்பு என்று என்னிடம் சொல்லாதே, அந்தப் பொய் எனக்கு நன்றாகத் தெரியும்.

நோய் நொடியில்லாமல், ஹலாலான சம்பாத்தியத்தோடு, நல்ல சிநேகிதர்களோடு நீ நூறு வயசு இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். உன் பிள்ளைகள் உன்னைப் பேசவிட்டுக் கேட்கட்டும், ஆமீன். கம்பளி பனியனை மறக்காதே. நிகழ்ச்சியில் என் கவிதையைப் போட்டவுடன் நஜீஹாவுக்குத் தகவல் கொடு. இந்தத் தடவை கடை வேண்டாம், சேலை மாற்றப் போவதில்லை, கடல்பாசியும் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு நான் மட்டும் உட்கார்ந்து கேட்பேன், எவ்வளவு சத்தம் வைக்க முடியுமோ அவ்வளவு வைத்து. அம்மா கொஞ்சம் குறைச்சுக்கங்க என்று சொல்ல அன்றைக்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

உன் உம்மா,
ஜ. ரஹீமா பீவி