ரூத்துக்குச் சீட்டில் வந்த குதிரை

நேற்றுக் காலை கார் டிக்கியைத் திறந்ததும் குதிரை வியர்வையும் வேப்பெண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உன்னுடைய பழைய சேணத்துணி. அதைத் துவைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பின்சீட்டில் உன் மகள் ரூத், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிரையேற்ற முகாமின் கடைசி நாள்; பெங்களூர் மேல்பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள்.

நம் முகாம் மாறிவிட்டது. குடிபாலா பக்கத்து மைதானம் அதேதான், அதே செம்மண்தான். நீயும் நானும் நடத்தியபோது, தேர்வாகி வரும் பிள்ளைகள் சொந்தக் குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பெற்றோர் வேலியோரம் நின்று கூவுவார்கள். நாம் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்துவோம். இந்த வருடம் யாருக்கு எந்தக் குதிரை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பெற்றோருக்கு கேட்டுக்கு வெளியேதான் இடம். பிள்ளைகள் தடை தாண்டும்போது பயிற்சியாளர்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

எல்லாம் நீ கேட்டதுதான். திருப்பதி ஆஸ்பத்திரியில், ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய்: "நாம கத்திக்கினே இருந்தா, குதிரை சொல்றத புள்ளைங்க எப்பத்தான்டி கேக்கும்?"

"தெரியாத குதிரை மேல ஏத்திட்டு வாய மூடிக்கினு நிக்கச் சொல்றியா?" என்று நான் சண்டைக்கு வந்தேன். நீ சிரித்தாய். அந்த மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாய். பெங்களூரிலிருந்து வந்த புதிய தலைமைப் பயிற்சியாளரிடம் நீ சொன்னதையும் சொன்னேன், எனக்கு அதில் உடன்பாடில்லை என்பதையும் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ரூத்துக்கு வந்தது கஸ்தூரி என்ற கறுப்புப் பெண்குதிரை. முந்தின நாள் ஒரு பையனை உதறிக் கீழே தள்ளியிருந்தது. ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே நின்ற உன் வீட்டுக்காரர் விடாமல் போன் செய்தார். "சிஸ்டர், அந்தக் குதிரையா? பேசாம கூட்டிக்கினு வந்துடுங்க. எனக்கு அவ ஒருத்திதான் இருக்கிறா."

"நான் உள்ளதான இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தேன். உள்ளே இருந்து நான் என்ன செய்ய முடியும் என்பது எனக்கே தெரியவில்லை.

முதல் இரண்டு தடைகளைக் கஸ்தூரி அழகாகத் தாண்டியது. மூன்றாவதன் முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. ரூத் அதன் கழுத்தில் போய் மோதினாள். ஒரு கால், மிதித்திருந்த அங்கவடியிலிருந்து நழுவிவிட்டது. "பின்னால சாயி!" என்ற சத்தம் என் தொண்டை வரை வந்துவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்து, காலை மாட்டி, குதிரையை ஒரு வட்டம் நடத்தினாள். மறுபடி ஓட்டிவந்தாள். மறுபடி நின்றது. சாட்டையை எடுப்பாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அவள் குதிரையை மெல்ல நடக்கவிட்டு, குனிந்து, கஸ்தூரி காலெடுத்து வைப்பதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"சார், முன்னங்கால அழுத்தி வெக்க மாட்டேங்குது. நான் எறங்கிடறேன்."

"இறங்கினா ரவுண்டு முடிஞ்சதுன்னு அர்த்தம்மா."

"தெரியும் சார்."

இறங்கிவிட்டாள். கால்நடை டாக்டர் வந்து காலைத் தடவிப் பார்த்தார். "தசைநார் சூடா இருக்குது. இன்னும் தாண்டியிருந்தா ரொம்ப நாள் படுத்துக்கும்" என்றார். ஆனாலும் மாலையில் பெங்களூர் பயிற்சிக்கான பெயர்களை வாசித்தபோது ரூத்தின் பெயர் வரவில்லை. ரவுண்டை முடித்தவர்களுக்கு மட்டும்தானாம். அவள் எல்லாருக்கும் கைதட்டினாள். கேட்டைத் தாண்டியதும் அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "போனா போவுது, விடும்மா" என்று முதுகைத் தட்டினார் அவர்.

அவர் பைக்கில் பின்னால் வர, ரூத் என்னோடு காரில் வந்தாள். சித்தூர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அம்மா இருந்திருந்தா திட்டியிருப்பாங்களா பெரிம்மா?"

"திட்டறதா? உங்க நைனாவ விட அதிகமா பயந்துக்கினு நின்னிருப்பா."

"அம்மாவா? அம்மாவுக்குப் பயமே கெடையாதே!"

நீ எத்தனை நாள் வேப்பமரத்தின் பின்னால் போய் நின்று அவள் தடை தாண்டுவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாய் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. நேற்றுத்தான் சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தாள். வீடு வந்து இறங்கும்போது, "கஸ்தூரி கால் சரியானதும் அதுமேலயே ஏறிப் பழகறேன் பெரிம்மா. அடுத்த வருஷமும் வருவேன்" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். இந்தப் பயம் எனக்குப் பழகாது என்று தெரிந்துவிட்டது. அவளை நிறுத்தவும் போவதில்லை. இனி அவள் சேணத்தில் ஏறும்போதெல்லாம் என் பங்குக்கும், உன் பங்குக்கும் சேர்த்து நானே பயந்துகொள்கிறேன்.