இரண்டு பக்கத்துக்கும் வெளியூர்க்காரி

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ இருந்தபோது வீம்புக்காகப் பேசாமல் இருந்தேன். நீ கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது யாரிடம் வீம்பு?

உன் மகள் கயல் பிளஸ் டூ முடித்துவிட்டாள். புவனேஸ்வரில் ஓர் அறிவியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்ததால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் உதவித்தொகை. வெளி மாநிலப் பிள்ளைகள் இப்படி ஓர் இடத்துக்கு எவ்வளவு முட்டி மோதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் எங்கள் கல்லூரியில் அட்மிஷன் மேசையில் உட்காருகிறவன் நான். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

அவள் அம்மா மலர் இன்னும் சொல்லவில்லை. என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள்.

நீ போன பிறகு அவள் இங்கே பாண்டிச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறாள். தெரியுமா உனக்கு? நேற்று அந்தப் பக்கம் போனேன். கயலும் கூட உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமா, நீங்க படிச்சவங்க. அவ்ளோ தூரம் பொட்டப்புள்ளய அனுப்ப பயமா இருக்குது. நீங்க அனுப்புன்னு சொன்னா அனுப்புறேன். அவரு இருந்தா அவரக் கேட்டிருப்பேன்,” என்றாள் மலர்.

நான் நின்றேன். பக்கத்துக் கடை அம்மா விடவில்லை. “இன்னா சாரு, நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் சாமந்தி வாடிடும் போலிருக்கே.”

கயல் சிரித்தாள். “பெரியப்பா, இங்க எங்கியும் கெடைக்கல. இந்தப் பக்கம் கேட்டா நீ தமிழ்நாடுங்கறாங்க. அந்தப் பக்கம் கேட்டா நீ படிச்சதெல்லாம் பாண்டிச்சேரிங்கறாங்க. நான் எந்த ஊரு பெரியப்பா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் எந்த ஊர் என்பதற்குப் பதில் எனக்குத் தெரியும், செல்வம். அவளை ஊர் இல்லாதவளாக ஆக்கியதே நான்தான்.

அப்பா போனதும் முத்தியால்பேட்டை வீட்டுக்காக உன்னோடு சண்டை போட்டேன். நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மலரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, கோட்டக்குப்பத்தில் வாடகைக்குப் போனாய். நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் நடுவில் மாநிலம் மாறுகிறது, இங்கே பாண்டிச்சேரி, அங்கே தமிழ்நாடு. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் உன்னோடு வேலை செய்தவர்கள் அங்கே இருந்தார்கள், வாடகையும் குறைவு. ரேஷன் கார்டையும் அந்தப் பக்கத்துக்கு மாற்றினாய். கயலை மட்டும் இங்கேயே பள்ளிக்கூடத்தில் விட்டாய்.

கார்டை மாற்றினால் பிற்பாடு கல்லூரிச் சேர்க்கையில் அவள் இங்கே வெளி மாநிலத்துக்காரி ஆவாள் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இதே சிக்கலோடு மேசைக்கு எதிரே அழுத எத்தனை அப்பாக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இல்லையே, நானாகப் போய் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு அத்தனை கோபம். பதினெட்டு வயதில் எனக்கும் வெளி மாநிலத்தில் இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. அந்த மாதம் நீ டைபாய்டில் படுத்தாய். “பெரியவன் கூட இருக்கட்டும்,” என்றார் அப்பா. இருந்தேன். இங்கேயே படித்தேன், இங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன், எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். காய்ச்சல் வந்ததற்கு நீ என்ன செய்வாய்? அது அப்போதே தெரியும். தெரிந்தும் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று “பாக்கலாம்மா” என்றபோது நான் எதையும் யோசிக்கவில்லை. எனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கிறதே என்றுதான் வயிறு எரிந்தது. உன் மகள்மேல், அதுவும் இந்த வயதில். அப்பா என்னிடம் சொன்னதையே நானும் அவளிடம் சொல்லப்போகிறேனா? பேசாமல் இருந்தாலே போதும், வெள்ளிக்கிழமை தானாகக் கடந்துவிடும். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தானே.

இல்லை. நாளைக் காலையில் மார்க்கெட்டுக்குப் போவேன். அந்தச் சாமந்திக்கார அம்மா காதிலும் விழும்படி மலரிடம் சொல்வேன், “அனுப்பும்மா. நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்.” இதை உனக்குக் கொடுத்த வாக்காக வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கே, உன் வாடகை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ இருந்தவரை அந்த வாசலை நான் மிதித்ததில்லை. எல்லை தாண்டி நடந்து, அந்தப் பக்கத்துத் தபால்பெட்டியிலேயே போடுவேன். கயல்தான் பிரிப்பாள். சின்ன வயதில் அவள் நோட்டு அட்டைகளில் பெயர் எழுதிக் கொடுத்தது நான். என் எழுத்து அவளுக்குத் தெரியும்.

கீழே ‘உன் அண்ணன்’ என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அந்த வார்த்தையைப் போட எனக்குத் தகுதி உண்டா என்று, இதைப் படித்த பிறகு உன் மகள் சொல்லட்டும். அதுவரை பெயரில்லாமலே போகட்டும்.